ஃபிளாஷ் அடிக்காத போட்டோக்காரர்

அவர் பொய் சொன்னார். பெரிய மனிதர்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தான் எடுத்த படத்தையே கையில் வைத்துக்கொண்டு, என் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பொய் சொன்னார். போன மாதம் அவருக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டு விழா நடத்தியவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளட்டும்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரைச் சொல்ல வேண்டியவர் அவர். நான் இல்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. எதிரே எங்கள் பூக்கடை. தொண்ணூறுகளில் எல்லா நாளும் அவரைப் பார்த்திருக்கிறேன். சட்டையை இன் பண்ணி இருப்பார். கழுத்தில் கேமரா தொங்கும். அதை ஸ்டூடியோவில் வைத்துவிட்டு டீ குடிக்கக்கூடப் போக மாட்டார்.

அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு வருகிற போட்டோக்காரர் என்றால் ஃபிளாஷ் அடிக்க வேண்டும். பளிச் பளிச்சென்று கண் கூச வேண்டும். அப்போதுதான் படம் எடுக்கிறார் என்று அர்த்தம். இவர் ஃபிளாஷே போட மாட்டார். ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ பெண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பார். "எடுத்துட்டீங்களா, இல்ல சும்மா கண்ணுல வச்சுப் பாக்குறீங்களா?" என்று கேட்காத மாப்பிள்ளை வீடு கிடையாது.

படம் வந்த பிறகுதான் உண்மையான சண்டை. பெண்ணின் முகம் அப்படியே தெரியும். இமை முடி ஒவ்வொன்றும் தெரியும். மூக்குத்திக் கல்லில் ஜன்னல் தெரியும். அவளுக்குப் பின்னால் இருக்கிற மனிதர்கள், மேடை, சீரியல் பல்பு எல்லாம் கரைந்து போயிருக்கும். பல்புகள் வட்ட வட்டமாக மிதக்கும். மனிதர்கள் கலர் கலராகப் புகையாக நிற்பார்கள்.

குஜிலியம்பாறைப் பக்கத்துத் தாய்மாமன் ஒருவர் ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சந்தில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏப்பா, இந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்? நீயே காட்டு."

"இந்தா இருக்கீங்களே மாமா. பொண்ணுக்குப் பின்னாடி."

"இது நானா? இட்லிக் கொப்பரையில ஆவி வந்த மாதிரியில்ல இருக்கு."

"பொண்ணு மொகத்தைப் பாருங்க மாமா. எம்புட்டு லட்சணமா இருக்கு."

"பொண்ணு மொகத்தை அது பொறந்ததுலயிருந்து பாத்துக்கிட்டுத்தான்யா இருக்கேன். நாளைப்பின்ன, மாமன் சீர் கொண்டுவந்தானான்னு எவனாச்சும் கேட்டா எதைக் காட்டுறது? ஆவியையா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பத்தை அழகு பார்க்க யாரும் எடுப்பதில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தட்டுத் தூக்கினார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள் என்று பார்க்கத்தான் எடுப்போம். அது சாட்சி. வருஷங்கள் கழித்துச் சண்டை வந்தால் முதலில் பரணிலிருந்து இறங்குவது ஆல்பம்தான்.

போட்டோக்காரர் இதையெல்லாம் காதில் வாங்க மாட்டார். "ஒரு படத்துக்கு ஒரு மொகம் போதும். பின்னாடி நிக்கிறது நம்ம சோலி இல்ல" என்பார். இதை ஒரு பழமொழி மாதிரி சொல்லுவார். மாமன் கடைசியில் ஆல்பத்தை ஸ்டூடியோ படியில் போட்டுவிட்டுப் போனார். அவருடைய மனைவி அடுத்த பஸ்ஸில் வந்து எடுத்துக்கொண்டு போனார். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. அந்தாளு மொகம் தெரியாட்டி என்ன, நான் வீட்டுல தெனமும் பாக்குறேனே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் கடை திறந்ததும் போட்டோக்காரர் வருவார். ஒரு முழம் கனகாம்பரம் வாங்குவார். வேறு பூவைத் தொட மாட்டார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்ணே, மதினிக்கு மல்லி பிடிக்காதா? தெனமும் கனகாம்பரமே வாங்குறீங்க?"

"இது உங்க மதினிக்கு இல்ல தங்கச்சி. லென்சுக்கு."

"லென்சுக்குக் கொண்டை எங்க இருக்கு?"

சிரித்தார். பூச்சரத்தை லென்சுக்கு முன்னால், ஒட்டினாற்போல் ஓர் ஓரமாகத் தொங்கவிட்டுக் காட்டினார். அப்படி வைத்துக்கொண்டு எடுத்தால் பூ பூவாகத் தெரியாதாம். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் மேகம் மாதிரி படருமாம். முன்னாலும் கரையும், பின்னாலும் கரையும், நடுவில் பெண்ணின் முகம் மட்டும் நிற்கும். கனகாம்பரம் வாசம் இல்லாத பூ, ஆனால் சீக்கிரம் வாடாது, நிறம் தூக்கலாக இருக்கும். அதனால்தான் அது.

எனக்கு இது பிடிபடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடையிலிருந்தே ஒரு ரோஜாவை எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

"பூவைப் பாரு. தூரத்துல நம்ம மலைக்கோட்டை எப்படித் தெரியுது?"

"மங்கலா."

"இப்பக் கோட்டையைப் பாரு. பூ?"

"பூ மங்கிருச்சு."

"ரெண்டையும் பாரு."

"முடியலண்ணே. கண்ணு வலிக்குது."

"அம்புட்டுத்தான். கடவுளே ரெண்டையும் பாக்கக் குடுக்கல. நம்ம எதுக்கு அடம் பிடிக்கணும்?"

லென்சுக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைச் சின்னதாக்கினால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரியும், முழுக்கத் திறந்தால் ஒரு விரற்கடை ஆழத்துக்குத்தான் தெளிவு இருக்கும் என்றார். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடுமாம். மற்றவர்கள் ஓட்டையைச் சின்னதாக்கி, வெளிச்சம் போதாததற்கு ஃபிளாஷ் அடிக்கிறார்கள். இவர் முழுக்கத் திறந்து வைப்பார். ஃபிளாஷ் வேண்டியதில்லை. தொழில் ரகசியம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பதைக் கரைக்க வேண்டும் என்றால் முதலில் அதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். "என்ன இருக்குன்னு தெரியாம மங்க வைக்கப்படாது தங்கச்சி. சேப்புத் துண்டு கெடந்தா சேப்பா ஒரு உருண்டை வந்து பொண்ணு தலையில உக்காந்துக்கிரும். கம்பி இருந்தா காதுலயிருந்து கொம்பு மொளைச்ச மாதிரி வரும்." அதனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்ததும் லென்ஸ் வளையத்தைத் திருப்பிப் பின்னால் இருப்பதைத் தெளிவாக்குவார். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை பார்ப்பார். ஏதாவது சரியில்லை என்றால் நகர்த்தச் சொல்லுவார். பிறகுதான் வளையத்தைத் திருப்பி முன்னால் இருக்கிற முகத்துக்கு வருவார். நான் மாலை கட்டிக் கொடுத்த கல்யாணங்களில் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் பார்க்காமல் அவர் ஒரு படமும் எடுத்ததில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் ஒரு வரியில் எழுதி முடித்திருப்பேன்.

ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளின் குப்பை எல்லாம் அங்கேதான் விழும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வருகிற பெண்களை அவர் ஸ்டூடியோவுக்குள் நிறுத்த மாட்டார். சாயங்கால வெயிலில் அந்தக் குப்பைமேட்டுக்கு முன்னால், தள்ளி நிறுத்துவார். பெண்ணைப் பெற்றவர்கள் பதறுவார்கள். "ஏய்யா, நாத்தம் குடலைப் பெரட்டுது, இங்கயா?" "நாத்தம் படத்துல வராதுத்தா. நீ செத்த தள்ளி நில்லு" என்பார். படத்தில் அந்தக் குப்பை பச்சையும் மஞ்சளும் வெள்ளியுமாகப் பூந்தோட்டம் மாதிரி விழுந்திருக்கும். பால் கவர்கள் எல்லாம் மின்னுகிற வட்டங்கள் ஆகியிருக்கும். "எந்த ஊரு பார்க்குல எடுத்தது?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களாம். ஓட்டு வீட்டுப் பெண், கூரை வீட்டுப் பெண், கரி படிந்த சுவருக்குள் வளர்ந்த பெண் எல்லோருக்கும் அந்தத் தோட்டம் கிடைத்தது. பல பேருக்கு அந்தப் படத்தில்தான் கல்யாணம் கூடியது. அந்தப் பெண்கள் பிறகு அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பார்த்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு பெரியவர் செத்ததற்கு நான் மாலை கொண்டுபோயிருந்தேன். இவரும் வந்திருந்தார். பெரியவரின் மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து வந்து அழுதுகொண்டு பின்னால் நின்றான். படம் வந்தபோது செத்தவர் மட்டும் தெளிவாக இருந்தார். உயிரோடு இருந்தவர்கள் எல்லாம் புகை. மகன் ஸ்டூடியோவுக்கு வந்து குதித்தான். "நான் பிளேன் பிடிச்சு வந்தேன்யா. வந்ததுக்கு இதுல அடையாளமே இல்லையே." போட்டோக்காரர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, அவுகளுக்குத்தான் இது கடைசிப் படம். உங்களுக்கு இன்னும் எம்புட்டோ இருக்கு." அவன் படத்தை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு அன்றைக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

எப்போது மாறியது என்று கேட்டால் ஒரு தையல் மெஷின் கொடுக்கும் விழாவைச் சொல்லுவேன். உள்ளூர்த் தலைவர் ஒருவர் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார். அவருக்குப் பின்னால், அவரோடு சேர்ந்து பார்த்தால் ஊர் சிரிக்கக்கூடிய ஓர் ஆள் வந்து ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான். போட்டோக்காரர் வழக்கம் போல் பின்னால் பார்த்தார், முன்னால் வந்தார், எடுத்தார். படத்தில் தலைவர் இருந்தார், தையல் மெஷின் இருந்தது. அந்த ஆள் ஒரு காவி நிறக் கறை. தலைவர் நேரில் வந்து இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் கடை முன்னால் நின்றுகொண்டே பேசுவார்கள். "அண்ணே, எங்க சித்தப்பன் பேச்சுவார்த்தை இல்லாத ஆளு. வந்தா வரட்டும். ஆனா ஆல்பத்துல வேணாம்." "அந்த மச்சினனைக் கொஞ்சம் கரைச்சு விட்டுருங்கண்ணே." இவரும் சரி சரி என்பார். முதலில் அழகுக்காகக் கரைத்தார். பிறகு கேட்டவர்களுக்காகக் கரைத்தார். "உங்களுக்கு இது உறுத்தலையாண்ணே? அந்த மனுசன் மொய் எழுதிச் சோறு தின்னுட்டுப் போயிருக்காரு" என்று கேட்டேன். "பின்னாடி நிக்கிறது நம்ம சோலி இல்ல தங்கச்சி" என்றார். அதே வாக்கியம். அர்த்தம்தான் அதே இல்லை.

என் அக்கா கல்யாணத்துக்கு நான்தான் அவரைப் பேசினேன். அதில் என் தப்பு ஒன்றும் இல்லை. ஊரிலேயே நன்றாக எடுக்கிறவரைப் பேசினேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள். இங்கே ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். வாயைத் திறந்தால் ஏனுங்க, சரிங்க என்று தேன் ஒழுகும். அவருடைய அம்மாவுக்குச் சம்மதம் இல்லை என்றும், கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் பிறகு அவர்கள் வழிக்கு வருவார்கள் என்றும், பதிவு எல்லாம் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எங்கள் அப்பா இல்லை. அம்மா நம்பினாள். அக்கா அதற்கு முன்பே நம்பியிருந்தாள்.

ஆத்தூர் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில் காலையில் கல்யாணம். மாப்பிள்ளை பக்கம் இரண்டு சிநேகிதர்கள். எங்கள் பக்கம் நாங்கள். மாலை இரண்டையும் நானே கட்டினேன். சம்பங்கி, நடுநடுவே சிவப்பு ரோஜா, மரிக்கொழுந்து. அன்று மார்க்கெட்டில் ரோஜா வரத்துக் குறைவு. அக்கா மாலைக்கு ரோஜா போட்டுவிட்டு, மாப்பிள்ளை மாலையில் நெஞ்சுக்கு நேராக மஞ்சள் செவ்வந்தி வைத்துக் கட்டினேன்.

தாலி கட்டுகிற நேரத்தில் போட்டோக்காரர் அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டார். மாப்பிள்ளை அக்காவுக்குப் பின்னால் வந்து குனிந்து கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். போட்டோக்காரர் வளையத்தைத் திருப்பினார். பின்னால் பார்த்தார்.

"மாப்ள, செத்த இருங்க. நெத்தியில சந்தனம் வழிஞ்சு புருவத்துல எறங்குது. தொடச்சுக்கங்க."

மாப்பிள்ளை துடைத்துக்கொண்டார்.

"ஆங். இப்பக் கட்டுங்க."

வளையம் திரும்பியது. படம் எடுத்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, லைட்டே அடிக்கலீங்களே?"

"அடிக்காது மாப்ள. சூரியன் இருக்குல்ல."

எல்லோரும் வரிசையாக நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். "வரிசையா நிக்கிறதுக்கு இது என்ன ரேசன் கடையா?" என்றார் போட்டோக்காரர். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தப் படம் எடுக்கவில்லை.

ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் அக்கா இருந்தாள். என் அக்கா அவ்வளவு அழகு என்று எனக்கே அப்போதுதான் தெரியும். தாலி கட்டும் படத்தில் அவள் கண் தாழ்ந்திருக்கும். கன்னத்தில் மஞ்சள் பூசியது தெரியும். உதட்டில் ஒரு சிரிப்பு வரப் போகும். அவளுக்குப் பின்னால் வேட்டி வெள்ளை, தோல் மாநிறம், நெஞ்சில் மஞ்சளாக ஒரு கலங்கல். மாப்பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. பொண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார். பெருந்தன்மை என்று நினைத்தோம்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. அவருக்கு வீட்டில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்ற சேதிதான் வந்தது. கேட்கப் போன எங்கள் அம்மாவை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

ஒரு வக்கீல் வீட்டு முன்னறையில் பேச்சு நடந்தது. இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் வந்திருந்தார்கள். அக்கா போகும்போதே என்னிடம் சொன்னாள்: "அவரு எனக்கு வேணும்னு கேக்கப் போகல. கட்டுனவன் நான்தான்னு ஒரு வாய் சொல்லட்டும். அது போதும்."

அந்த ஆள் சொன்னார்: "பழக்கம் இருந்ததுங்க. இல்லைன்னு சொல்லலீங்க. தாலி கட்டலீங்க."

அக்கா கழுத்தில் கிடந்த தாலியை எடுத்து வெளியே விட்டாள்.

"அது யாரு கட்டுனதோங்க. எனக்கு முந்தி எவனாச்சும் கட்டியிருப்பான்."

சிநேகிதர்கள் இரண்டு பேரும் வரவில்லை. கோயில் பூசாரி வேறு ஊர் போய்விட்டார். நாங்கள் சொன்னதை எல்லாம், "உங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்க சொல்லாம யாரு சொல்லுவா?" என்று தள்ளிவிட்டார்கள். நான் ஆல்பத்தைத் திறந்து தாலி கட்டும் படத்தை மேஜையில் வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அந்த ஆளும் எட்டிப் பார்த்தார்.

"இதுல மொகமே இல்லீங்களே."

"அந்த மஞ்சள், நான் கட்டுன செவ்வந்தி. மாப்ள மாலையில நான்தான் வச்சேன்" என்றேன்.

"மஞ்சப் பூ இல்லாத கல்யாணம் எதும்மா?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர். ரைஸ் மில் வைத்திருந்தவர். சிலர் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார்: "எடுத்த ஆளு உள்ளூருதானே? கூட்டியாங்க. அவரு சொல்லட்டும்."

போட்டோக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் கேமரா தொங்கியது. எனக்கு உயிர் வந்தது. அக்காவும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏப்பா, இது நீ எடுத்த படந்தானே?"

"ஆமாங்கய்யா."

"தாலி கட்டுறது இந்தத் தம்பிதானா? பாத்துச் சொல்லு."

படத்தைக் கையில் வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். அந்த ஆளைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை.

"பொண்ணு தெளிவா இருக்குங்கய்யா."

"பொண்ணு தெரியுதுய்யா. ஆம்பளை யாரு?"

"பின்னாடி நிக்கிறவுகளை நான் பாக்குறதில்லீங்கய்யா. நம்ம கைப்பாங்கு அப்படி. ஊருக்கே தெரியும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஊருக்குத் தெரியும்தான். அவர் எடுத்த படத்தில் காணாமல் போன மாமன்களும் சித்தப்பன்களும் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, சந்தனத்தைத் தொடைக்கச் சொன்னீங்களே? புருவத்துல எறங்குதுன்னு சொன்னீங்களே? மொகத்தைப் பாக்காமயா சந்தனத்தைப் பாத்தீங்க?"

"எல்லாக் கல்யாணத்துலயும் சொல்றதுதான் தங்கச்சி."

"பின்னாடி பாக்காம நீங்க எந்தப் படத்தை எடுத்தீங்க? மலைக்கோட்டையைக் காட்டி எனக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"பொம்பளைப் பிள்ளை, செத்த சும்மா இரும்மா. பெரியவுக பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்றார் ரைஸ் மில்காரர்.

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அக்கா எழுந்து போய்ப் போட்டோக்காரர் கையிலிருந்து படத்தை வாங்கினாள். அவருடைய கட்டை விரல் பட்ட இடத்தில், கரெக்டாக அந்தக் கலங்கல் மேல், ஒரு ரேகை விழுந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். ஆல்பத்தில் சொருகினாள். வெளியே வந்து பஸ் ஏறினோம். வழக்குப் போடலாம் என்று நான் சொன்னதற்கு, "அங்க வந்தும் அவரு இதைத்தானே சொல்லுவாரு?" என்றாள்.

மறுநாள் காலை போட்டோக்காரர் கடைக்கு வந்தார். ஒன்றும் நடக்காதவர் மாதிரி ஒரு முழம் கனகாம்பரம் கேட்டார்.

"பூ இல்லை."

"இந்தா கெடக்கே தங்கச்சி, உனக்குப் பின்னாடி."

"பின்னாடி இருக்கறதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியுமாண்ணே?"

எடுத்த சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் கடையில் பூ வாங்கியதில்லை.

ஏன் பொய் சொன்னார் என்பது சில வாரங்களில் தெரிந்தது. ஸ்டூடியோக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு புதுப் படம் வைத்தார். அந்த ஆளின் கல்யாணம். பேச்சு நடந்தபோதே இவரைத்தான் அதற்குப் பேசி வைத்திருந்தார்கள். பெரிய மண்டபம், பெரிய குடும்பம். மாப்பிள்ளை, பெண், அம்மா, மாமனார், மாமன், மச்சான் எல்லோரும் வரிசையாக, ரேஷன் கடையில் நிற்பது போல் நின்றிருந்தார்கள். எல்லோர் முகமும் தெளிவாக இருந்தது. பின்னால் தொங்கிய தோரணத்தின் மாவிலைகூடத் தெளிவாக இருந்தது. ஃபிளாஷ் அடித்திருந்தார். மாப்பிள்ளை நெற்றியில் சந்தனம் பளபளவென்று மின்னியது.

ஃபிளாஷே அடிக்காத மனிதர் அந்த ஒருவருக்கு அடித்தார். அந்தப் படம் வெயிலில் வெளுக்கும்வரை அங்கேயே இருந்தது. எதிர்க் கடையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு காலம் போய்விட்டது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. அவர் ஸ்டூடியோவை மூடிவிட்டு மகன் வீட்டோடு இருக்கிறார். அக்கா சின்னாளபட்டியில் இருக்கிறாள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறாள். தாலியைக் கழற்றவில்லை. "கட்டுனது நெசந்தானே" என்கிறாள். அவள் குடியிருக்கிற தெருவில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அந்த ஆள் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். முந்தி எவனோ கட்டியது என்று.

போன மாதம் போட்டோகிராபர்கள் சேர்ந்து இவருக்கு விழா எடுத்தார்கள். மாலைக்கு என் கடையில் சொல்லியிருந்தார்கள். யாருக்கு என்று தெரியாமல் கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் நுழைந்ததும் நின்றுவிட்டேன். மேடையில், ஆள் உயரத்துக்கு, என் அக்கா. கண் தாழ்ந்திருக்கிறது. உதட்டில் சிரிப்பு வரப் போகிறது.

சங்கத் தலைவர் மைக்கில் பேசினார். இன்றைக்கு லட்ச லட்சமாகக் கொட்டி லென்ஸ் வாங்கிப் பின்னணியை மங்க வைக்கிறோம், இவர் அந்தக் காலத்திலேயே ஒரு பழைய லென்ஸில் செய்து காட்டியிருக்கிறார் என்றார். "பின்னாடி பாருங்க, எம்புட்டு அழகாக் கரைச்சிருக்காரு. வெண்ணெய் மாதிரி!" என்றார். கழுத்தில் கேமரா தொங்கிய இளைஞர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரும் அந்தக் கலங்கலைத்தான் பார்த்தார்கள். மஞ்சளாக என் செவ்வந்தி தெரிந்தது.

மாலையைக் கொடுக்கிற சாக்கில் மேடையேறினேன். அவர் மூப்பாகியிருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார்.

"அண்ணே, அந்தப் பின்னாடி நிக்கிறது யாரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இத்தன பேரு பாக்குறாக. ஒருத்தரும் அதைக் கேக்கல தங்கச்சி. நீ மட்டுந்தான் கேக்குற."

இறங்கி வந்துவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "படத்துல நான் எப்படி இருக்கேன்?" என்றாள். நன்றாக இருக்கிறாய் என்றேன். "அவரு?" என்றாள். அப்படியேதான் என்றேன். மறுபடியும் முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

அண்ணே, நான் மட்டும்தான் கேட்கிறேன் என்றீர்கள். இப்போது இதைப் படிக்கிற எல்லோரும் கேட்கிறார்கள். கை தட்டிய அந்தப் பிள்ளைகளும் கேட்கட்டும். பின்னால் பார்க்காமல் நீங்கள் ஒரு படமும் எடுத்ததில்லை. அன்றைக்கும் பார்த்தீர்கள். புருவத்தில் இறங்கிய சந்தனம் வரைக்கும் பார்த்தீர்கள். உங்கள் சங்கம் மாதா மாதம் அதே மண்டபத்தில் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அதே படத்தை அதே மேடையில் வையுங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். என் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் நிற்கிறவனின் பெயரைச் சொல்லுங்கள்.